ஓடும் எழுத்தை நிறுத்துவது யார்?

கறுப்புத் திரைக்கு முன்னால் புதிதாக உட்காருபவருக்கு எந்தக் கருவியைக் கொடுப்பது?

படமே இல்லாத கம்ப்யூட்டர்களும் உலகில் உண்டு.

அவற்றில் இருப்பது ஒரு கறுப்புத் திரை. அதில் வெள்ளை எழுத்து. வேண்டியதை எழுத்தால் கேட்க வேண்டும். 'என்டர்' பொத்தானைத் தட்டியதும் பதில் வரும். அந்தப் பதிலும் எழுத்தாகவே வரும்.

வீட்டில் படத்தைத் தொட்டு வேலை செய்பவர்கள் இந்தத் திரையைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் இணையத்தைத் தாங்கி நிற்கும் பெரிய கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை இப்படித்தான் வேலை செய்கின்றன. அவற்றில் ஓடும் அடிப்படை புரோகிராமுக்கு 'லினக்ஸ்' என்று பெயர். கம்ப்யூட்டர் படிப்பில் சேரும் பிள்ளைகள் என்றைக்காவது ஒரு நாள் இந்தக் கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தே தீர வேண்டும்.

அப்படி உட்காரும் பிள்ளைக்கு முதலில் வரும் தொல்லை எது தெரியுமா?

எழுத்து ஓடிவிடுவது!

திரையில் தெரிவது 24 வரி. படிக்க வேண்டிய பாடமோ 1,000 வரி. 'காட்டு' என்று கட்டளை கொடுத்ததும், ஆயிரம் வரியும் மின்னல் வேகத்தில் மேலே ஓடிவிடும். கடைசி 24 வரி மட்டும் கண்ணில் நிற்கும். மிச்சம் 976 வரியும் போன இடம் தெரியாது. இன்றைய திரைகளில் கொஞ்ச தூரம் பின்னால் உருட்டிப் பார்க்கலாம். அதற்கும் ஓர் எல்லை உண்டு.

இந்த ஓட்டத்தை நிறுத்த வேண்டும். ஒரு பக்கம் காட்ட வேண்டும். படிப்பவர் படித்து முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். பிறகு அடுத்த பக்கம் காட்ட வேண்டும். இதைச் செய்யும் சிறு கருவிக்கு 'பேஜர்' என்று பெயர்.

முன்பு இடுப்பில் மாட்டிக்கொண்டு திரிந்த பேஜர் வேறு. இது வேறு. 'பேஜ்' என்றால் பக்கம். பக்கம் பக்கமாகக் காட்டுவதால் இது பேஜர்.

பேஜர்கள் பல இருக்கின்றன. கம்ப்யூட்டரைத் தயார் செய்து கொடுப்பவர் அவற்றில் ஒன்றை முன்கூட்டியே பொறுக்கி வைத்துவிடுகிறார். வருகிறவர் கேட்டாலும், கேட்காவிட்டாலும் அதுதான் வந்து நிற்கும்.

எதைப் பொறுக்கி வைப்பது? கடுகளவு விஷயம் போலத் தோன்றும். ஆனால் புதிதாக வருபவர் ஊன்றி நிற்பதும், பயந்து ஓடுவதும் பல நேரங்களில் இதைப் பொறுத்தே இருக்கிறது.

காகிதம் போனது

பேஜர் இல்லாத காலம் ஒன்று இருந்தது. அப்போது அது தேவைப்படவும் இல்லை.

1969-ம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் 'யூனிக்ஸ்' பிறந்தது. கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் அதன் தந்தைகள். இன்றைய லினக்சுக்கு வழிகாட்டி அதுதான்.

அந்தக் காலத்தில் அவர்கள் முன்னால் இருந்தது 'டெலிடைப்' இயந்திரம். தந்தி ஆபீசில் இருந்ததைப் போன்றது. பதிலைக் காகிதத்தில் 'டக் டக்' என்று அடிக்கும். 'மாடல் 33' என்ற டெலிடைப் ஒரு வினாடிக்கு 10 எழுத்துகள் அடித்தது. நடக்கிற வேகம்! மனிதன் கூடவே படித்துக்கொண்டு போகலாம். தவறவிட்டால் காகிதத்தைத் தூக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

பிறகு கண்ணாடித் திரை வந்தது. 1976-ம் ஆண்டில் 'ஏடிஎம்-3ஏ' என்ற கருவி வந்தது. 1978-ம் ஆண்டில் 'விடி-100' வந்தது. இரண்டிலும் 24 வரிகள். வரிக்கு 80 எழுத்துகள்.

காகிதச் செலவு மிச்சம். சத்தமும் இல்லை. வேகமோ பல மடங்கு.

ஆனால் காகிதத்தில் அடித்த எழுத்து அப்படியே இருக்கும். திரையில் வந்த எழுத்து இருக்காது. அடுத்த வரி வந்தால் மேல் வரி மறைந்துவிடும். அப்போதுதான் ஓடும் எழுத்தை நிறுத்த ஓர் ஆள் தேவைப்பட்டது.

'மோர்' வந்தது

1978-ம் ஆண்டில் கலிபோர்னியாவில் உள்ள பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேனியல் ஹால்பர்ட் என்ற மாணவர் ஒரு புரோகிராம் எழுதினார். அதற்கு 'மோர்' என்று பெயர்.

வெயிலுக்குக் குடிக்கும் மோர் அல்ல! ஆங்கிலத்தில் 'இன்னும் இருக்கிறது' என்று பொருள்.

அது ஒரு பக்கம் காட்டும். நிற்கும். கீழே 'மோர்' என்று எழுதிக் காட்டும். 'ஸ்பேஸ்' பொத்தானைத் தட்டினால் அடுத்த பக்கம். 'என்டர்' தட்டினால் அடுத்த வரி. அவ்வளவுதான். குழந்தைகூட இரண்டு நிமிஷத்தில் கற்றுக்கொள்ளும்.

பெர்க்லியில் இருந்து வெளியான யூனிக்சோடு சேர்ந்து மோரும் ஊர் ஊராகப் போயிற்று. 1983-ம் ஆண்டில் வந்த 'டாஸ் 2.0'-விலும் அதே பெயரில் ஒரு கருவி இருந்தது. இன்றைய விண்டோசிலும் இருக்கிறது.

மோருக்கு ஒரு குறை இருந்தது. முன்னால் போகும். பின்னால் வராது! ஒரு வரியைக் கவனிக்காமல் தட்டிவிட்டால், மறுபடியும் முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

பின்னாளில் வந்த மோர்களில் பின்னால் போகும் வழி சேர்க்கப்பட்டது. லினக்சில் உள்ள மோரில் 'பி' பொத்தானைத் தட்டினால் முந்திய பக்கம் வரும். அதிலும் ஒரு நிபந்தனை. கோப்பில் இருந்து படித்தால்தான் அது நடக்கும். வேறொரு கட்டளையின் பதிலைக் குழாய் போட்டு மோருக்கு அனுப்பினால் நடக்காது. குழாயில் ஓடிய தண்ணீர் திரும்பாது என்பது மோரின் கணக்கு.

பின்னால் போக ஆசை

மார்க் நுடல்மன் என்பவருக்கு அது போதவில்லை. அவருக்குப் பின்னால் போக வேண்டி இருந்தது. 1983-க்கும் 1985-க்கும் இடையில் அவர் ஒரு புதிய பேஜரை எழுதினார்.

அதற்கு 'லெஸ்' என்று பெயர் வைத்தார். மோர் என்றால் 'அதிகம்' என்றும் பொருள் உண்டு. லெஸ் என்றால் 'குறைவு'. முன்னால் போவது மோர் என்றால், பின்னால் வருவது லெஸ்! வேடிக்கையாக வைத்த பெயர். அதுவே நிலைத்துவிட்டது.

லெஸ் பின்னாலும் வரும். முன்னாலும் போகும். குழாயில் வந்ததையும் நினைவில் வைத்துக்கொள்ளும். சாய்கோடு போட்டு ஒரு சொல்லை எழுதினால், அந்தச் சொல் இருக்கும் இடத்துக்கே கூட்டிக்கொண்டு போகும். கோப்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும், முழுவதையும் படித்து முடிக்கும் வரை காத்திராமல் முதல் பக்கத்தை உடனே காட்டும்.

பெயர் குறைவு. வேலை அதிகம்!

கேளாமல் வருவது

ஓட்டலுக்குப் போய் 'ஒரு காபி' என்று சொன்னால் என்ன வரும்? சர்க்கரை போட்ட காபி வரும். 'சர்க்கரை வேண்டாம்' என்று சொல்லத் தெரிந்தவர் சொல்லிக்கொள்வார். சொல்லத் தெரியாதவர், வந்ததைக் குடிப்பார்.

கேளாமல் வரும் இதற்குக் கம்ப்யூட்டர்க்காரர்கள் 'டீபால்ட்' என்று சொல்வார்கள்.

பேஜரிலும் இப்படித்தான். 'எனக்கு இந்தப் பேஜர் வேண்டும்' என்று ஒரே ஒரு வரி எழுதி வைத்தால் போதும். பல கட்டளைகள் அந்த வரியைப் பார்த்து, அதில் சொன்ன பேஜரை அழைக்கும். இந்த ஏற்பாடு பல காலமாக இருக்கிறது. ஆனால் அந்த வரியை எழுத, அப்படி ஒரு வரி உண்டு என்று முதலில் தெரிய வேண்டும். புதிதாக வந்தவருக்கு அது தெரியாது. பேஜர் என்ற சொல்லே தெரியாது!

ஆகவே, டீபால்ட் யாருக்காக? தெரிந்தவருக்காக அல்ல. அவர் ஒரு நிமிஷத்தில் மாற்றிக்கொள்வார். மாற்றத் தெரியாதவருக்காகவே டீபால்ட் இருக்கிறது. பேஜரைப் பொறுக்குகிறவர்கள் முதலில் மனதில் கொள்ள வேண்டியது இதுதான்.

'டெபியன்' என்ற லினக்ஸ் வகையில் இதற்கு ஓர் அழகான ஏற்பாடு இருக்கிறது. பேஜர்களுக்குப் பரீட்சை போல எண் கொடுத்திருக்கிறார்கள். லெஸ்சுக்கு 77. மோருக்கு 50. இரண்டும் இருந்தால் அதிக எண் உள்ளது முன்னால் வரும். லெஸ் இல்லாவிட்டால் மோர் அந்த இடத்தில் உட்காரும். வேண்டாம் என்றால் ஒரு கட்டளையில் மாற்றிக்கொள்ளலாம்.

டெபியனை அடிப்படையாக வைத்துத்தான் சென்னையில் உள்ள 'சி-டாக்' நிறுவனம் 'பாஸ்' என்ற இந்திய லினக்சை உருவாக்கியது. எங்கோ யாரோ செய்யும் ஏற்பாடு என்று இதைத் தள்ளிவிட முடியாது.

மோருக்காக வாதம்

மோரே போதும் என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு.

மோர் சிறியது. எளியது. 'போசிக்ஸ்' என்ற பொதுத் தரத்தில் மோருக்கு இடம் இருக்கிறது. லெஸ்சுக்கு இல்லை. மிகச் சிறிதாகக் கட்டிய லினக்ஸ் பெட்டகங்கள் சிலவற்றில் லெஸ் இருக்காது. மோர் இருக்கும். ஆபத்து வேளையில் கைக்குக் கிடைப்பதுதானே கருவி?

இன்னொரு நல்ல குணமும் மோருக்கு உண்டு. பாடம் முடிந்ததும் தானாகவே விடைபெற்றுக்கொள்ளும். 'போகட்டுமா, இருக்கட்டுமா?' என்று நின்று கொண்டிருக்காது. படித்த எழுத்தும் திரையிலேயே இருக்கும்.

இவை சின்ன நன்மைகள் அல்ல. ஆனாலும் படிப்பவர் எப்போதும் நேராக முன்னால் போவதில்லை. புரியாத இடத்துக்குத் திரும்பி வருகிறார். ஒரு வரியை இரண்டு தடவை படிக்கிறார். எழுத்துக்கூட்டிப் படிப்பவர் மூன்று தடவை படிக்கிறார். பின்னால் புரட்ட முடியாத புத்தகத்தை அவர் கையில் கொடுப்பது நியாயமா?

இந்த ஒரு காரணத்துக்காகவே லெஸ்சுக்கு முதல் இடம் கொடுக்கலாம். 'ப்ரீபிஎஸ்டி' போன்ற யூனிக்ஸ் வகைகள் இந்தச் சண்டையை வேறு விதமாகத் தீர்த்துவிட்டன. அங்கே மோர் என்று கூப்பிட்டாலும், வருவது லெஸ்தான். ஒரே புரோகிராமுக்கு இரண்டு பெயர்!

ஆனால் லெஸ்சைப் பொறுக்கி வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணக் கூடாது. அங்கேதான் உண்மையான வேலை தொடங்குகிறது.

வாசல் எங்கே?

லெஸ்சுக்குள் நுழைவது சுலபம். வெளியே வருவது எப்படி?

திரையின் அடியில் ஒரு முக்காற்புள்ளி நிற்கும். இரண்டே புள்ளிகள். வேறு ஒரு சொல்லும் இருக்காது. 'என்டர்' தட்டினால் ஒரு வரி நகரும். கடைசியில் 'முடிந்தது' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் வரும். அதன் பிறகு எத்தனை தடவை தட்டினாலும் அதே சொல்தான். பாடம் முடிந்துவிட்டது. கதவு மட்டும் திறக்கவில்லை!

வெளியே வர 'கியூ' பொத்தானைத் தட்ட வேண்டும். தெரிந்தவருக்கு அரை வினாடி வேலை. தெரியாதவர் என்ன செய்வார்? எல்லாப் பொத்தானையும் தட்டிப் பார்ப்பார். பிறகு சன்னலையே மூடிவிடுவார். அதோடு அந்தச் சன்னலில் அதுவரை செய்த வேலையும் போய்விடக் கூடும்.

அன்று ஒரு மாணவி முதல் தடவையாகக் கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள் என்று வையுங்கள். பக்கத்தில் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. 'இது எனக்கு வராது' என்று அவள் எழுந்து போனால் குற்றம் யாருடையது? அவளுடையது அல்ல. வாசல் வைக்க மறந்தவருடையது.

இதற்குப் பரிகாரம் கஷ்டமானதா? இல்லவே இல்லை.

லினக்சில் 'மேன்' என்று ஒரு கட்டளை உண்டு. மற்றக் கட்டளைகளுக்கு விளக்கம் சொல்லும் கையேடு அது. பல லினக்ஸ் வகைகளில் அந்தக் கையேட்டைத் திறந்தால், அதுவும் லெஸ்சில்தான் திறக்கும். ஆனால் அடியில் முக்காற்புள்ளி நிற்காது. இது எந்தக் கையேடு, எத்தனையாவது வரி என்று இருக்கும். 'உதவிக்கு ஹெச், வெளியேற கியூ' என்றும் ஆங்கிலத்தில் தெளிவாக எழுதி இருக்கும்.

அதே லெஸ்! அதே திரை! அடியில் ஒரே ஒரு வரி கூடுதல். அவ்வளவில் சிறை, வீடாகிவிட்டது. கையேட்டுக்குச் செய்ததை மற்ற இடங்களிலும் செய்தால் என்ன?

'சொல்லிக் கொடுத்துக்கொண்டே இருந்தால் எப்போது கற்பார்கள்?' என்று சிலர் கேட்பார்கள். கற்க வந்தது கம்ப்யூட்டரை. கதவைத் தேடுவதை அல்ல. தியேட்டரில் 'வெளியே செல்லும் வழி' என்று விளக்குப் போட்டு வைக்கிறார்கள். அதனால் யாரும் சோம்பேறி ஆகிவிடவில்லை.

மறையும் பாடம்

இன்னொரு சங்கடமும் லெஸ்சில் உண்டு.

கையேட்டில் ஒரு நீளமான கட்டளை எழுதி இருக்கிறது. அதைப் பார்த்து அப்படியே எழுத வேண்டும். வெளியே வந்ததும் திரை துடைத்தாற்போல் ஆகிவிடும். படித்த பக்கம் போய், பழைய திரை வந்துவிடும். எழுத வேண்டிய கட்டளை எங்கே? மறுபடியும் உள்ளே போக வேண்டும். மறுபடியும் வெளியே வர வேண்டும். இரண்டு மூன்று தடவை போய் வந்து மனப்பாடம் செய்பவர்களும் உண்டு!

துடைக்காமல் விடவும் லெஸ்சில் வழி இருக்கிறது. 'எக்ஸ்' என்ற குறியைச் சேர்த்தால், படித்தது திரையிலேயே இருக்கும். அதிலும் ஒரு கஷ்டம். சில திரைகளில் மவுசின் சக்கரத்தை உருட்டினால் பாடம் சரியாக நகராது. ஒரு சவுகரியத்தைக் கொடுத்து, இன்னொன்றை வாங்கிக்கொள்கிறது.

'எப்' என்று இன்னொரு குறி உண்டு. பாடம் ஒரு திரைக்குள் அடங்கிவிட்டால், லெஸ் நிற்காமல் தானே வெளியேறிவிடும். மூன்று வரிப் பதிலுக்கு வாசலில் காவல் எதற்கு?

ருசி வேறு, தேவை வேறு

இந்தக் குறிகளில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது? இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது.

'கிட்' என்பது புரோகிராம் எழுதுபவர்கள் தங்கள் எழுத்தைப் பாதுகாத்து வைக்கும் கருவி. பேஜர் என்ன என்று யாரும் சொல்லாவிட்டால், கிட் லெஸ்சையே அழைக்கும். அப்போது சில குறிகளையும் தானே சேர்த்து அனுப்பும்.

முன்பு நான்கு குறிகள் அனுப்பியது. ஒன்று, சிறு பாடத்துக்கு நிற்காதே. இரண்டு, வண்ணத்தை வண்ணமாகவே காட்டு. மூன்று, திரையைத் துடைக்காதே. நான்கு, நீளமான வரியை மடிக்காமல் ஓரத்தில் வெட்டு.

2014-ம் ஆண்டில் வெளிவந்த கிட் 2.1-ல் நான்காவது குறியை எடுத்துவிட்டார்கள். காரணம் என்ன? முதல் மூன்றும் கிட் காட்டும் பதிலுக்குப் பொருத்தமானவை. வரியை வெட்டுவதா, மடிப்பதா என்பது படிப்பவரின் ருசி. ஒருவருக்குப் பிடித்ததை எல்லோருக்கும் ஊட்டக் கூடாது என்று முடிவு செய்தார்கள்.

நல்ல முடிவு! வரியின் பாதி திரைக்கு வெளியே போய்விட்டால், புதியவர் அங்கே எழுத்து இருப்பதையே அறிய மாட்டார். தேவையானதை டீபால்ட் ஆக்கலாம். ருசியை அவரவர் கையில் விட்டுவிட வேண்டும்.

சாவி யார் கையில்?

இதுவரை சொன்னது சவுகரியம். இனி வருவது ஆபத்து.

லெஸ் வெறும் படிக்கும் கருவி அல்ல. அதற்குள் இருந்தபடியே ஆச்சரியக்குறியைத் தட்டி, வேறு கட்டளைகளையும் ஓட்டலாம். பலருக்கு இது தெரியாது. தெரிந்த ஒரு கெட்டவன் போதும்!

ஓர் ஆபீஸ். அங்கே பெரிய கம்ப்யூட்டருக்கு ஒரு நிர்வாகி. அவருக்கே எல்லா அதிகாரமும். அவர் ஒரு கீழ்ப் பணியாளருக்குச் சின்ன அனுமதி கொடுக்கிறார். 'இந்தச் சேவை ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று என் பெயரில் பார்த்துக்கொள். வேறு எதையும் தொடாதே.' பார்க்க மட்டும் அனுமதி.

நிலவரம் திரையில் வருகிறது. நீளமாக இருப்பதால், கேளாமலே லெஸ் வந்து நிற்கிறது. அதுவும் நிர்வாகியின் அதிகாரத்தோடு! பணியாளர் ஆச்சரியக்குறியைத் தட்டி ஒரு கட்டளை எழுதினால், அது முழு அதிகாரத்தோடு ஓடும். நோட்டுப் புத்தகத்தைப் பார்க்க விட்டவனிடம் கஜானாச் சாவியும் போய்விட்டது!

இது கற்பனை ஆபத்து அல்ல. லினக்சில் சேவைகளை நடத்தும் 'சிஸ்டம்டி' என்ற புரோகிராமின் 247-க்கு முந்திய பதிப்புகளில் இந்த ஓட்டை இருந்தது. 2023-ம் ஆண்டில் அது பாதுகாப்புக் குறைகளின் பொதுப் பட்டியலிலும் ஏறியது.

பூட்டு இல்லாமல் போகவில்லை. லெஸ்சிலேயே 'பாதுகாப்பு நிலை' என்று ஒன்று உண்டு. அதைப் போட்டுவிட்டால் வேறு கட்டளைகளை ஓட்ட முடியாது. வேறு கோப்பைத் திறக்க முடியாது. திருத்தவும் முடியாது. படிக்க மட்டும் முடியும். பூட்டு இருந்தது. போடத்தான் இல்லை! 247-ம் பதிப்பில் இருந்து, ஒருவர் அதிகாரத்தில் இன்னொருவர் பார்க்கும்போது சிஸ்டம்டி தானே பூட்டைப் போட்டுவிடுகிறது.

2024-ம் ஆண்டில் இன்னோர் ஓட்டை தெரிய வந்தது. லெஸ் ஒரு கோப்பைத் திறக்கும் முன்பு, அதை வேறொரு புரோகிராமிடம் கொடுத்துப் பக்குவப்படுத்தி வாங்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. அழுத்தி மூட்டை கட்டிய கோப்பை அவிழ்த்துக் காட்டுவது போன்ற வேலைகளுக்கு அது உதவும். அந்த ஏற்பாடு இருக்கும் இடத்தில், கோப்பின் பெயரையே சூதாக அமைத்து வைத்தால், அதைத் திறப்பவரின் கம்ப்யூட்டரில் கட்டளை ஓடிவிடும் என்று கண்டுபிடித்தார்கள். 653 வரையிலான பதிப்புகளில் அந்தக் குறை இருந்தது.

அந்த ஏற்பாடு பல இடங்களில் கேளாமலே போட்டு வைக்கப்பட்டிருந்தது என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். தனக்கு அப்படி ஒரு வசதி இருப்பதே தெரியாதவரும், அதனால் வரும் ஆபத்தில் பங்காளி ஆகிறார். கேட்டு வாங்கிய வசதிக்குக் கேட்டவர் பொறுப்பு. கேளாமல் கொடுத்த வசதிக்குக் கொடுத்தவர் பொறுப்பு.

தமிழ் படும் பாடு

தமிழ் படிக்கும் குடும்பங்களுக்கு இதில் இன்னொரு அக்கறையும் உண்டு.

உலக மொழிகளுக்கு எல்லாம் எண் கொடுத்து வைத்திருக்கும் பொதுப் பட்டியலுக்கு 'யூனிகோடு' என்று பெயர். 1991-ம் ஆண்டில் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. 1992-ம் ஆண்டில் கென் தாம்சனும், ராப் பைக் என்பவரும் அந்த எண்களைக் கம்ப்யூட்டரில் எழுதும் முறை ஒன்றை வகுத்தார்கள். அதுதான் 'யூடிஎப்-8'. அந்த முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் இடம் வேண்டும்.

'தமிழ்' என்ற சொல்லைப் பார்க்கலாம். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ஆக 5 குறிகள். 15 பைட்.

கம்ப்யூட்டரில் மொழி ஏற்பாடு சரியாக இருந்தால், லெஸ் அதை 'தமிழ்' என்றே காட்டும். மொழி ஏற்பாடு இல்லாமல் மொட்டையாக விட்டிருந்தால்? அந்தப் பதினைந்து பைட்டும் பதினைந்து தனித்தனிக் குறிகளாக, கோண அடைப்புக்குள் வந்து நிற்கும். மூன்று எழுத்துச் சொல், முள்வேலி போல ஆகிவிடும்! அம்மாவுக்கு எழுதிய கடிதமாக இருந்தாலும் இதே கதிதான்.

பார்ப்பவர் 'இந்தக் கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாது' என்று முடிவு கட்டிவிடுவார். உண்மையில் அதற்குத் தமிழ் தெரியும். பொறுக்கி வைத்தவர் ஒரு வரியை எழுதாமல் விட்டதுதான் கோளாறு.

சில திரைகளில் கொம்பும் காலும் எழுத்தோடு ஒட்டாமல் தனியே நிற்பது உண்டு. அது திரையின் குறை. பேஜரின் குறை அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

எதை வைக்கலாம்?

முடிவு என்ன?

லெஸ்சை முன்னால் வைக்கலாம். மோரைப் பக்கத்தில் வைக்கலாம். லெஸ் இல்லாத சிறு பெட்டகங்களில் மோர் கை கொடுக்கும்.

ஆனால் லெஸ்சை மொட்டையாக வைக்கக் கூடாது. ஐந்து காரியங்களைச் செய்துவிட்டு வைக்க வேண்டும்.

முதலாவது: வெளியே வரும் வழியை அடியில் எழுதி வைக்க வேண்டும். முடிந்தால் படிப்பவரின் மொழியில்.

இரண்டாவது: ஒரு திரைக்குள் அடங்கும் பாடத்துக்கு நிற்காமல் போகச் செய்ய வேண்டும்.

மூன்றாவது: இன்னொருவர் அதிகாரத்தில் ஓடும்போது பாதுகாப்பு நிலையைப் போட்டே தீர வேண்டும். கோப்பைப் பக்குவப்படுத்தும் ஏற்பாடு, கேட்பவருக்கு மட்டும் போதும்.

நான்காவது: மொழி ஏற்பாட்டை யூடிஎப்-8 ஆக வைக்க வேண்டும்.

ஐந்தாவது: 'எனக்கு வேறு பேஜர் வேண்டும்' என்று ஒருவர் எழுதி வைத்தால், எல்லாக் கட்டளைகளும் அதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டும்.

திரையைத் துடைப்பதா, வேண்டாமா? வரியை வெட்டுவதா, மடிப்பதா? இவை ருசியைச் சேர்ந்தவை. அவரவர் விருப்பம்.

இதனால் பழகியவர்களுக்கு நஷ்டம் உண்டா? அடியில் ஒரு வரி கூடுதலாகத் தெரியும். பிடிக்காவிட்டால் அவர்கள் ஒரு நிமிஷத்தில் மாற்றிக்கொள்வார்கள். புதியவருக்கோ அந்த ஒரு வரியே துணை.

நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு பின்னால் திரும்ப வேண்டும் என்று ஒருவர் ஆசைப்பட்டார். அதனால் உலகத்துக்கு ஒரு நல்ல கருவி கிடைத்தது. அந்தக் கருவிக்கு இன்றும் குறைவு ஒன்றும் இல்லை. அதைப் பிறர் கையில் கொடுப்பவர்களுக்குத்தான் கொஞ்சம் அக்கறை தேவை.

பள்ளியில், கல்லூரியில், ஆபீசில் கம்ப்யூட்டர்களைத் தயார் செய்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தங்கள் கண்ணால் மட்டும் பார்த்துப் பேஜரைப் பொறுக்கக் கூடாது. எதுவும் தெரியாத ஒருவரை அந்தத் திரைக்கு முன்னால் ஐந்து நிமிஷம் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். அவர் படித்தாரா? திரும்பிப் பார்த்தாரா? யாரையும் கேளாமல் வெளியே வந்தாரா?

வந்துவிட்டால், அதுவே நல்ல டீபால்ட்!